சிரித்தவரும் சிரிக்காதவரும்: நகைச்சுவைப் பயண நூல்களும் வாசகர் கருத்து வேறுபாடும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் என் பயண இலக்கிய வகுப்பில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு பயணக் கட்டுரையைக் கொடுத்து, அதன் நகைச்சுவைத் திறனை மதிப்பிடுமாறு பணித்திருந்தேன். தமிழகத்திலிருந்து வந்து இரண்டு வாரம் தங்கிச் சென்ற ஒருவர் எழுதியது அது. இங்குள்ள தமிழர் சந்தையைப் 'பசார்' என்பதும், முதலாளியைத் 'தவுக்கே' என்பதும் அவருக்குப் பெருஞ்சிரிப்பை விளைத்திருந்தன. மாணவர் பலர் கட்டுரையாளரின் உத்திகளை வகைப்படுத்திப் பாராட்டி எழுதி நல்ல மதிப்பெண் பெற்றனர். ஒரு மாணவி மட்டும், அது தம் பாட்டியின் மொழி என்றும், அச்சொற்கள் அவர் வாய்க்கு எப்படி வந்தன என்று கட்டுரையாளர் எந்தப் பாட்டியிடமும் கேட்கவில்லை என்றும், ஆகவே தமக்குச் சிரிப்பு வரவில்லை என்றும் எழுதியிருந்தார். நான் அவர்க்குக் குறைந்த மதிப்பெண் இட்டு, ஓரத்தில் 'நகைச்சுவையை உணரவில்லை' என்று குறித்தேன். மறுவாரம் அவர் என் அறைக்கு வந்து, "ஐயா, சிரிக்காதது பிழையா?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

நகைச்சுவைப் பயண நூல்களைக் குறித்து வாசகர் மாறுபட்டுக் கருத்துரைக்கும்போது, ஒரு சாரார் நூலைப் புரிந்துகொள்ளவில்லை என்று முடிவு கட்டுவது எளிது. சிரித்தவர் சிரிக்காதவரைச் சுவையறியாதவர் என்பர். சிரிக்காதவர் சிரித்தவரைப் பொறுப்பற்றவர் என்பர். இவ்வேறுபாடு வாசகரின் குறைபாட்டால் மட்டும் விளைவதா, அன்றி இவ்விலக்கிய வகையின் இயல்பிலேயே அதற்கு இடம் உள்ளதா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் பெரும்புகழ் பெற்ற இரு நூல்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் 1869இல் வெளியிட்ட 'தி இன்னசன்ட்ஸ் அப்ராட்'. மற்றொன்று, ஆங்கிலேயரான ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் வெளியிட்ட 'த்ரீ மென் இன் எ போட்'. இரண்டும் வெளிவந்த நாள்தொட்டுப் புகழப்பட்டும் இகழப்பட்டும் வருகின்றன. இவற்றை அணுகுவதற்குரிய கருவிகள் நம் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே கிடைக்கின்றன.

நகையின் நிலைக்களன்கள்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையைத் தொல்காப்பியர் முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறார். உரையாசிரியர் பேராசிரியர் இதனை மேலும் நுணுகி ஆராய்கிறார். எள்ளல் என்பது தான் பிறரை இகழ்ந்து சிரிப்பதும், பிறர் தன்னை இகழ்ந்தபோது தான் சிரிப்பதும் என இருதிறப்படும் என்பது அவர் விளக்கம். ஏனையவும் தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும். பேதைமை அறிவின்மை. மடன் என்பதற்கு அவர் தரும் பொருள் நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது: கேட்டதனை ஆராய்ந்து பாராமல் அப்படியே மெய்யெனக் கொள்ளுதல் மடன்.

பயண நூலில் இந்நான்கும் ஒருங்கே தொழிற்படுகின்றன. பயணி தான் செல்லும் ஊரில் அறியாதவன். ஆதலின் அவனிடம் பேதைமை உண்டு. வழிகாட்டி சொல்வதை நம்புகிறான். ஆதலின் மடன் உண்டு. தனக்குப் புதுமையான மக்களைக் கண்டு சிரிக்கிறான். ஆதலின் எள்ளல் உண்டு. ஒரே பக்கத்தில் சிரிப்பு பயணியை நோக்கியும் செல்லலாம். பயணி கண்ட மக்களை நோக்கியும் செல்லலாம். முதல் வகையை மட்டும் காணும் வாசகர் மகிழ்வார். இரண்டாம் வகையை மட்டும் காணும் வாசகர் வருந்துவார். இருவரும் படித்தது ஒரே பக்கத்தையே.

பயணியின் மிகைக் கூற்று தமிழுக்குப் புதிதன்று. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் தின்றதால் தன் பற்கள் கொல்லை நிலத்தை உழுத கொழுவைப் போல மழுங்கின என்கிறான். இதனைப் பொய்யென்று கண்டித்த உரையாசிரியர் எவரும் இலர். பசித்தவன் தன்னைத் தானே நகைத்துக்கொள்ளும் மிகையாகவே அது கொள்ளப்படுகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பயண நூல்கள் வேறொரு வழியை மேற்கொண்டன. ஏ. கே. செட்டியார், சோமலெ முதலியோர் தாம் கண்ட நாடுகளைப் பற்றிய செய்திகளைத் தமிழருக்கு அளிப்பதையே முதற்கடமையாகக் கருதினர். செட்டியாரிடம் மெல்லிய நகை உண்டு எனினும் அது செய்திக்கு அடங்கியே நிற்கும். இம்மரபில் பழகிய வாசகர் பயண நூலை எடுக்கும்போது செய்தியை எதிர்பார்க்கிறார். அவர் கையில் நகைச்சுவை நூல் கிட்டும்போது முதற்பிணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

'குவேக்கர் சிட்டி' பயணம்

1867 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பல் ஐரோப்பாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் புறப்பட்டது. புரூக்ளின் நகரத் திருச்சபை ஒன்றைச் சார்ந்தோர் திட்டமிட்ட பயணம் அது. ஒருவருக்குக் கட்டணம் 1,250 டாலர். அக்காலத்தில் இது பெருந்தொகை. ஆதலின் பயணியர் பெரும்பாலோர் வசதி படைத்தவர், நடுவயதைக் கடந்தவர், சமயப் பற்று மிக்கவர். அவர்களிடையே 31 வயதுச் செய்தியாளராக மார்க் டுவெய்ன் இடம்பெற்றார். கட்டணத்தைச் சான் பிரான்சிஸ்கோவின் 'ஆல்டா கலிபோர்னியா' நாளிதழ் செலுத்தியது. கைம்மாறாக அவர் அவ்விதழுக்குப் பயணக் கடிதங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அக்கடிதங்களைத் திருத்தியும் விரித்தும் ஈராண்டுகளுக்குப் பின் வெளியிட்டதே 'தி இன்னசன்ட்ஸ் அப்ராட்'. வெளிநாடு சென்ற அப்பாவிகள் என்பது தலைப்பின் பொருள்.

அக்காலத்தில் புனிதநாட்டுப் பயண நூல்கள் அமெரிக்காவில் ஏராளம். ஒவ்வொரு தலத்திலும் பயணி உருகிக் கண்ணீர் வடிப்பது அந்நூல்களின் வழக்கு. டுவெய்ன் இதனைத் தலைகீழாக்கினார். எருசலேமில் ஆதாமின் கல்லறை என்று காட்டப்பட்ட இடத்தில், உற்றார் உறவினர் இல்லாத அயல்நாட்டில் தம் குருதியுறவினர் ஒருவரைக் கண்டுவிட்டதாகக் கூறி விம்மி அழுகிறார். மிலான் நகரில் 'இறுதி இராவுணவு' ஓவியம் சிதைந்து மங்கியிருக்க, அதன் வண்ணங்களை வியந்து நிற்போரைக் கண்டு, மறைந்துபோன அழகை இவர்கள் எங்கே காண்கின்றனர் என்று திகைக்கிறார். ஜெனோவாவில் வழிகாட்டி கொலம்பசின் கையெழுத்தையும் சிலையையும் பெருமிதத்தோடு காட்ட, பயணியர் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் இன்றி அம்மனிதர் இறந்துவிட்டாரா என்று வினவுகின்றனர்.

இக்காட்சிகளில் யார் எள்ளப்படுகிறார்? வழிகாட்டியா, பயணியா, முன்னைய பயண நூலாசிரியர்களா, ஆதாமின் கல்லறை எனச் சொல்லி நம்பவைக்கும் வழக்கமா? இவ்வினாவுக்கு ஒரே விடை இல்லை. இந்நூலைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் அனைத்தும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

முதல் வாசகர்கள்

இந்நூலின் முதல் வாசகர்கள் எள்ளப்பட்டவர்களே என்பது கருதத்தக்கது. கப்பல் நவம்பர் மாதம் திரும்பியதும், டுவெய்ன் 'நியூயார்க் ஹெரால்டு' இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார். உல்லாசப் பயணம் எனப் பெயர்பெற்ற அது பிணம் இல்லாத சவ ஊர்வலம் போல இருந்தது என்னும் பொருள்பட எழுதினார். உடன்பயணம் செய்தோர் பலர் சினந்தனர். ஐந்து மாதங்களுக்கும் மேலாக ஒரே மேசையில் உண்டவர் தம்மை ஊரறிய நகைத்ததை அவர்கள் துரோகமாகக் கருதியதில் வியப்பில்லை.

எனினும் உடன்பயணியர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த மேரி ஃபேர்பேங்க்ஸ் என்னும் அம்மையார் டுவெய்னின் கடிதங்களை விரும்பிப் படித்தார். அதே வேளையில் அவற்றில் காணப்பட்ட கொச்சைச் சொற்களையும் சமயத்தை இழிக்கும் தொனியையும் களையுமாறு அவர்க்கு அறிவுரை கூறினார். நாளிதழ்க் கடிதங்கள் நூலாக உருப்பெற்றபோது கொச்சைகள் குறைந்தன. கடுமை சில இடங்களில் தணிந்தது. வாசகரின் மறுப்பு நூலின் வடிவத்தையே மாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று. மறுப்புரைத்த அம்மையார் சுவையறியாதவர் அல்லர்; சுவையறிந்ததனாலேயே எங்கே சுவை கெடுகிறது என்று அவரால் காட்ட முடிந்தது.

நூல் வெளிவந்தபின் அமெரிக்க வாசகர் அதனைப் பேரார்வத்துடன் வரவேற்றனர். ஹார்ட்ஃபோர்டு நகரப் பதிப்பகம் முகவர்களை வீடுவீடாக அனுப்பி முன்பதிவு பெற்று இதனை விற்றது. புத்தகக் கடைகளை அறியாத சிற்றூர்களுக்கும் நூல் சென்றது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70,000 படிகள் விற்றன. முன்பதிவு நூல்களை உயர்தட்டு இதழ்கள் மதிப்பதில்லை என்ற நிலையில், பாஸ்டனின் 'அட்லாண்டிக் மந்த்லி' 1869 டிசம்பர் இதழில் வில்லியம் டீன் ஹவெல்ஸ் எழுதிய பாராட்டுரை வெளிவந்தது. ஆசிரியரின் இயற்பெயரான கிளெமென்ஸ் என்பதைப் பிழையாகக் 'கிளெமென்ட்ஸ்' என எழுதியிருந்தார் ஹவெல்ஸ். ஆசிரியர் பெயரையே சரிவர அறியாத ஒருவர் நூலின் தரத்தைச் சரியாக உணர்ந்தார் என்பது சுவையான முரண். இந்நகைச்சுவையின் அடியில் நல்லியல்பு உண்டு என்பது அவர் கருத்தின் சாரம்.

போலி மதிப்புரையும் மடனும்

இலண்டனின் 'சாட்டர்டே ரிவியூ' இதழ் 1870 அக்டோபரில் இந்நூலை மதிப்பிட்டது. அவ்விதழ் கடுமைக்குப் பெயர்பெற்றது. அவ்விதழில் மதிப்புரை வந்துள்ளது என்ற செய்தி மட்டும் அமெரிக்காவை எட்டியது. டுவெய்ன் அதனைக் கண்ணால் காணாமலே, ஆங்கிலத் திறனாய்வாளர் ஒருவர் எப்படி எழுதியிருப்பார் எனக் கற்பனை செய்து தாமே ஒரு மதிப்புரை எழுதி, இலண்டன் இதழிலிருந்து எடுத்தது போல 1870 டிசம்பர் 'கேலக்ஸி' இதழில் வெளியிட்டார்.

அப்போலித் திறனாய்வாளர் நூலின் மிகைகள் அனைத்தையும் மெய்யெனக் கொள்கிறார். பாரிஸ் நாவிதர் கத்தியை வைத்த முதல் இழுப்பிலேயே முகத்தோல் பெயர்ந்து தாம் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டதாக ஆசிரியர் கூறுவது மிகை என்று கண்டிக்கிறார். பிச்சைக்காரர் தொல்லை பொறாமல் ஒருவரைத் தின்றுவிட்டதாகச் சொல்வதில் உண்மை இருக்க இயலாது என்கிறார். ரோமாபுரி இடிபாடுகளில் 1,700 ஆண்டுப் பழமையான நாடக அறிவிப்புத்தாளைக் கண்டெடுத்ததாகச் சொல்வதையும் நம்ப மறுக்கிறார். அது வார்ப்பிரும்பால் ஆனதாயினும் அத்துணைக் காலம் நிலைத்திராது என்று வாதிடுகிறார்.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்கு முக்கியம். வாசகர் பலர் இம்மதிப்புரை இலண்டன் இதழில் மெய்யாகவே வந்தது என நம்பினர்; ஆங்கிலேயரின் சுவையறியாமையை எண்ணிச் சிரித்தனர். எழுதியவர் தாமே என்று டுவெய்ன் அறிவிக்க வேண்டியதாயிற்று. உண்மையில் வந்த மதிப்புரையோ அத்துணை மடமையானதன்று. அமெரிக்கப் பயணியரின் பண்பாட்டுக் குறையைச் சாடியபோதும் நூலில் நகை உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

பேராசிரியரின் விளக்கத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். மிகையை ஆராயாமல் மெய்யெனக் கொண்ட போலித் திறனாய்வாளரிடம் மடன் உண்டு. ஆனால் போலி மதிப்புரையை ஆராயாமல் மெய்யெனக் கொண்ட வாசகரிடமும் அதே மடன் உண்டு அன்றோ? மாற்றுக் கருத்துடையவர் மடமையாகத்தான் பேசுவார் என்னும் முன்முடிவு அவர்களிடம் இருந்தது. அம்முன்முடிவே அவர்களை ஏமாற்றியது. என் மாணவியின் தாளில் 'உணரவில்லை' என்று எழுதியபோது நான் நின்ற இடமும் அதுவே. அவர் எழுதியதை நான் ஆராயவில்லை. சிரிக்காதவர் உணராதவர் என்று முன்பே கொண்டிருந்தேன்.

மொழியால் எழுந்த பிணக்கு

பிறரை எள்ளுவதால்தான் மறுப்பு எழுகிறது என்று கொண்டால், தன்னையே நகைக்கும் நூலுக்கு மறுப்பு எழக்கூடாது. ஜெரோமின் நூல் இக்கருத்தைப் பொய்ப்பிக்கிறது. மூன்று நண்பர்களும் ஒரு நாயும் தேம்சு நதியில் கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படகில் செல்வதே இதன் கதை. டப்பாவில் அடைத்த அன்னாசியைத் திறக்கும் கருவி இன்றி மூவரும் அதனோடு போராடித் தோற்கின்றனர். ஹாம்டன் கோர்ட் புதிர்த் தோட்டத்துக்கு வழி தெரியும் என்று முன்னே சென்ற ஹாரிஸ், தம்மை நம்பிப் பின்தொடர்ந்த கூட்டத்தோடு சுற்றிச் சுற்றி வருகிறார். மருத்துவ நூலைப் படித்த கதைசொல்லி தமக்கு ஏறத்தாழ எல்லா நோயும் இருப்பதாக அஞ்சுகிறார். இங்கே நகை முழுவதும் தன்கண் தோன்றிய பேதைமையை நிலைக்களனாகக் கொண்டது. வேற்று நாட்டார் எவரும் எள்ளப்படவில்லை.

ஆயினும் திறனாய்வாளர் சினந்தனர். 'பஞ்ச்' இதழ் ஆசிரியரின் பெயரையே திரித்து ''ஆரி கே. 'ஆரி' என்று ஏளனம் செய்ததாக ஜெரோம் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். சொல்முதல் ஒலியை விழுங்கிப் பேசும் இலண்டன் எளிய மக்களைக் குறிக்கும் கேலிப்பெயர் ''ஆரி' என்பது. கீழ்த்தட்டு மக்களுக்கு அளவுக்கு மீறிக் கல்வி அளித்ததன் விளைவு இந்நூல் என்றும் ஓர் இதழ் எழுதியதாம்.

இச்சினத்தின் வேரை அக்காலச் சூழலில் காணலாம். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்தில் எழுத்தறிந்த புதிய தலைமுறை ஒன்று உருவாயிற்று. 1871ஆம் ஆண்டுச் சட்டம் பொது விடுமுறை நாள்களை வரையறுத்தது. இருப்பூர்தி வசதியால் அலுவலக எழுத்தர்களும் கடைப்பணியாளர்களும் விடுமுறையில் தேம்சு நதிக்கரைக்கு வந்தனர். செல்வர்க்கே உரியதாக இருந்த படகுலா பொதுவாயிற்று. 14 வயதில் பள்ளியை விட்டு இருப்பூர்தி நிறுவனத்தில் எழுத்தராகப் பணியாற்றிய ஜெரோம், அப்புதிய மக்களின் பேச்சுமொழியில் அவர்களின் விடுமுறையை எழுதினார். திறனாய்வாளர் வெறுத்தது நகையை அன்று. அந்நகை பேசிய மொழியையும் அதனைப் பேசுவோர் நதிக்கு வந்ததையுமே வெறுத்தனர். வாசகரோ நூலைக் கைவிடவில்லை. 20 ஆண்டுகளில் இங்கிலாந்தில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றதாக 1909ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது.

வாசகர் இடையேயும் வேறுபாடு உண்டு. தேம்சு நதியின் வரலாற்றை எழுதவே தாம் முதலில் கருதியதாகவும், இதழாசிரியர் அப்பகுதிகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டதாகவும் ஜெரோம் குறிப்பிடுகிறார். நீக்கப்படாது எஞ்சிய வருணனைகளும் வரலாற்றுப் பகுதிகளும் நூலில் ஆங்காங்கே உள்ளன. அவை நகையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பார் ஒரு சாரார். கைவிடப்பட்ட பெண்ணொருத்தியின் உடல் நதியில் மிதந்து வரும் பகுதி இல்லையேல் நூல் வெறும் வேடிக்கையாய் முடிந்திருக்கும் என்பார் மற்றொரு சாரார். இங்கிலாந்தில் நான் முனைவர்பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தபோது இந்நூலை முதன்முதலாகப் படித்தேன். அன்னாசி டப்பாவுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஆங்கில நண்பர்கள் சிரித்த வேறு சில இடங்களில், எந்தச் சொல் எந்த வகுப்பாரைச் சுட்டுகிறது என்பது எனக்குத் தெரியாததால், அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். சிரித்தவரெல்லாம் உணர்ந்து சிரித்தவர் அல்லர் என்பதை நான் அன்றே அறிந்திருக்க வேண்டும்.

எள்ளப்படுவோரின் வாசிப்பு

மீண்டும் டுவெய்னிடம் வருவோம். அவர் நூலில் பயணியரை நகைக்கும் பக்கங்களோடு, கண்ட மக்களை இகழும் பக்கங்களும் உள்ளன. அசோர்ஸ் தீவு மக்களைச் சோம்பேறிகள் என்கிறார். பாலஸ்தீனத்து ஏழை மக்களின் நோயும் அழுக்கும் அவர்க்கு அருவருப்பை ஊட்டுகின்றன. கீழைநாடுகளைப் பற்றிய மேலைநாட்டுப் பார்வையை விமர்சித்து எட்வர்டு சயீத் 1978இல் நூல் வெளியிட்டபின், இப்பக்கங்களைத் திறனாய்வாளர் புதிய கண்கொண்டு படிக்கத் தொடங்கினர். டுவெய்ன் அமெரிக்கரின் செருக்கையே நகைக்கிறார் என்று காப்போரும் உண்டு. செருக்கை நகைத்துக்கொண்டே அச்செருக்கில் தாமும் பங்கு கொள்கிறார் என்று மறுப்போரும் உண்டு. நூலில் இருவருக்கும் சான்று கிடைக்கும்.

சிறியதொரு சான்றைக் காட்டலாம். பாரிஸில் அமர்த்திய வழிகாட்டியின் பெயர் பிடிக்காமல் பயணியர் அவருக்கு 'ஃபெர்குசன்' எனப் பெயரிடுகின்றனர். பின்னர் எந்நாட்டு வழிகாட்டியாயினும் அவர்களுக்கு ஃபெர்குசன்தான். கேலி, பெயரைச் சொல்லத் தெரியாத பயணியர் மீது என்று கொள்ள இடமுண்டு. 29 ஆண்டுகள் கழித்து, 1896இல் டுவெய்ன் இந்தியாவுக்கு வந்தார். கடனை அடைப்பதற்காக மேற்கொண்ட உலகச் சொற்பொழிவுப் பயணம் அது; 1897இல் 'ஃபாலோயிங் தி ஈக்குவேட்டர்' என்னும் நூலாயிற்று. அங்கே தமக்கு அமைந்த பணியாளர் ஒருவரின் பெயர் நாவில் நிற்காமையால் அவர்க்குச் 'சாத்தான்' எனப் பெயர் சூட்டி அழைத்ததை அன்போடும் நகையோடும் எழுதுகிறார். தோட்டப் பதிவேடுகளில் எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு பெயர்களைச் சிதைத்து எழுத, அச்சிதைந்த பெயரையே அடையாள அட்டையிலும் சுமந்த முன்னோரின் வழிவந்தவர் நம் மாணவர் பலர். இப்பக்கத்தில் அவர்களுள் ஒருவருக்குச் சிரிப்பு வராவிடில், அது சுவையறியாமை அன்று. அவர் குடும்பத்தின் நினைவு.

அதே நூலில் நகை திசைமாறும் இடங்களும் உள்ளன. கொழும்பு நகரத் தெருக்களில் மக்களின் வண்ண ஆடைகளைக் கண்டு டுவெய்ன் வியந்து நிற்கிறார். அப்போது சமயப் பரப்புநர் பள்ளி ஒன்றிலிருந்து ஐரோப்பிய உடை அணிந்த சிறுமியர் வரிசையாக வருகின்றனர். அவ்வுடையின் அவலட்சணத்தைக் கண்டதும் தம் உடலில் இருக்கும் உடையை எண்ணி அவரே நாணுகிறார். பம்பாய் விடுதியில் ஐரோப்பியர் ஒருவர் இந்தியப் பணியாளரைக் கன்னத்தில் அறைவதைக் கண்டதும் நகை முற்றிலும் நின்றுவிடுகிறது. அடிமை முறை நிலவிய தம் இளமைக்கால ஊரையும், வீட்டுப் பணிச் சிறுவனைத் தம் தந்தை அடித்ததையும் நினைவுகூர்கிறார். முப்பதாண்டுகளில் எள்ளல் பிறர்கண் நின்று தன்கண் திரும்பியதற்கு இவை சான்றுகள். எனினும் தக்கர்களை ஒடுக்கியதைப் பற்றி எழுதுகையில் ஆங்கில அதிகாரியின் அறிக்கையை அப்படியே ஏற்று ஆங்கிலேயரைப் புகழ்கிறார். இங்கே மடன் அவரிடமே தோன்றுகிறது. இந்தியா பற்றிய அவர் எழுத்தைக் குறித்து இந்திய வாசகர் ஒருமித்த கருத்துக் கொள்ளாமைக்கு இவ்விரண்டு நிலையும் ஒரே நூலில் இருப்பதே காரணம் எனலாம்.

வகுப்பறையில் கொள்ளத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து கருத்து வேறுபாட்டின் தோற்றுவாய்கள் மூன்று என்பது புலனாகிறது. முதலாவது, எதிர்பார்ப்பு: செய்தி நாடி வந்த வாசகர்க்கு மிகை பொய்யாகத் தோன்றும். இரண்டாவது, மொழி: நகை பேசும் மொழி யாருடையது என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். மூன்றாவது, இடம்: எள்ளப்படுவோரின் பக்கம் நிற்பவர்க்கும் எள்ளுவோரின் பக்கம் நிற்பவர்க்கும் ஒரே தொடர் இருவேறு பொருள் தரும். ஒரு வாசகரின் மறுப்பில் இம்மூன்றும் கலந்தே இருக்கலாம்.

நகைச்சுவைப் பயணப் பகுதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரிடம், "இதில் நகைச்சுவை எவ்வாறு அமைந்துள்ளது?" என்று மட்டும் வினவினால், நகைச்சுவை அமைந்துள்ளது என்பதை முன்பே முடிவு செய்துவிடுகிறார். சிரிக்காத மாணவருக்கு அவ்வினாவில் இடமே இல்லை. அதற்கு மாறாகச் சில வினாக்களைத் தொடர்ச்சியாக எழுப்பலாம். இப்பகுதியில் நகை எந்நிலைக்களனில் பிறக்கிறது? அது தன்கண் தோன்றியதா, பிறன்கண் தோன்றியதா? எள்ளப்படுபவர் இதைப் படிக்கக்கூடும் என ஆசிரியர் எண்ணி எழுதியதாகத் தெரிகிறதா? அவர் படித்தால் எவ்விடத்தில் சிரிப்பார், எவ்விடத்தில் நிறுத்துவார்? இவ்வினாக்களுக்குச் சிரித்த மாணவரும் விடை எழுதலாம்; சிரிக்காத மாணவரும் விடை எழுதலாம். இருவரும் நூலிலிருந்து சான்று காட்டியாக வேண்டும். மதிப்பெண் அச்சான்றுக்கே உரியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யாரேனும் புண்படுவர் என அஞ்சி இத்தகைய பகுதிகளைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடுவது தீர்வாகாது. நீக்கினால் ஃபேர்பேங்க்ஸ் அம்மையார் போன்ற வாசகர் உருவாக வழியில்லை. எள்ளலை அடையாளம் காணும் பயிற்சி எள்ளலைப் படித்தே பெறத்தக்கது. அதுபோலவே, புண்பட்டேன் என்று சொன்னமையாலேயே ஒரு விடை சிறந்ததாகிவிடாது. மிகையைப் பொய்யென்று மட்டும் கண்டு நின்றுவிடும் வாசிப்பும் நம் வகுப்பறைகளில் உண்டு. அவ்வாசிப்புக்குப் பொருநனின் தேய்ந்த பற்களை எடுத்துக்காட்டலாம்.

முடிவுரை

டுவெய்ன் தம்மை மறுப்பவரை மடவராகப் படைத்து வெற்றி கண்டார். அது கலைஞரின் உரிமை. ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை. நகைச்சுவைப் பயண நூல் ஒருவரைச் சிரிக்கவும் மற்றொருவரை வருந்தவும் செய்யுமாயின், அவ்விருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைவிட, அந்நூலில் எத்தொடர் இவ்விரண்டையும் செய்தது என்று கண்டறிவதே ஆய்வாகும்.

அம்மாணவியின் விடைத்தாளை அப்பருவம் முடியுமுன் மீண்டும் எடுத்துப் படித்தேன். 'எந்தப் பாட்டியிடமும் கேட்கவில்லை' என்று அவர் எழுதியிருந்தது மனக்குறை மட்டும் அன்று. கட்டுரையாளர் தம் பேதைமையை நகைக்காமல் பிறர் மொழியை நகைத்தார் என்பதற்கு அவர் காட்டிய சான்று அது. வகுப்பில் வேறெவரும் அதனைக் காணவில்லை, நானும் காணவில்லை. மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பை அடித்துவிட்டு, அதன் கீழே 'பிழையன்று' என எழுதிக் கையொப்பமிட்டேன்.